துடைக்கக் கூடாத வெள்ளி

ஹோர்சன்ஸ் என்ற டேனிஷ் நகருக்கு வெளியே, அறுவடை முடிந்த பார்லி வயலில் நிற்கிறோம். அகதியாக இந்நாட்டுக்கு வந்து, தொழிற்சாலையில் வேலை பார்க்கும் சிவம் அண்ணை, விடுமுறை நாட்களில் உலோகம் தேடும் கருவியோடு இங்கே வருகிறார். கருவி கீச்சிட்ட இடத்தைக் கிளறி, ரோமானிய வெள்ளிக்காசு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைக்கிறார். ஒரு பக்கம் தாடிக்காரப் பேரரசன். மறுபக்கம் ஒன்றையொன்று பற்றிய இரு கைகள், நடுவே தானியக் கதிர்கள். மதுரைப் பழக்கம், கண்ணில் ஒற்றிவிட்டுச் சட்டையில் துடைக்கப் போகிறேன்.

"துடைக்காதேங்கோ தம்பி. மண்ணோடைதான் மியூசியத்துக்குக் குடுக்கவேணும். இது அரசாங்கத்தின்ரை."

"கொடுக்க மனசு வருதாண்ணே?"

"ஓம். வெறுங்கையோடை வந்த என்னை ஏற்ற நாடு. திருப்பிக் குடுக்க இப்ப என்னட்டையும் ஒண்டு இருக்கு."

காசை அவரிடம் தருகிறேன். உள்ளங்கையில் ஒட்டியிருக்கும் மண்ணைத் துடைக்க எனக்கும் மனமில்லை.