சொந்த விருப்பப்படி

முப்பத்தேழு வயது ஒரு குற்றம் என்று எனக்கு யாரும் முன்பே சொல்லவில்லை. மாநில கிரிக்கெட் அணிக்குப் பதினைந்து வருஷம் ஓப்பனராக ஆடியவன் நான். புதுப் பந்துக்கு முன்னால் போய் நிற்பதுதான் என் வேலை, என் சம்பளம், என் கொழுப்பு எல்லாம். ஆரியசாலைக் கடைத்தெருவில் பலசரக்கு மொத்தக் கடை வைத்திருக்கும் அண்ணன், போதும், கடைக்கு வந்துவிடு என்று ஒவ்வொரு ஓணத்துக்கும் சொல்வார். வருகிறேன், ஆனால் இப்போது இல்லை என்பேன்.

கடைசி இரண்டு சீசன் எனக்குச் சரியாக அமையவில்லை. மறைக்க என்ன இருக்கிறது? இருபது அடிப்பேன், முப்பது அடிப்பேன், அவுட் ஆவேன். அணியிலிருந்து தூக்கியிருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆனால் பழைய ஆட்டக்காரர்களை எங்கள் பக்கம் யாரும் தூக்குவதில்லை. அதற்கென்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். கடைசி மேட்ச் என்று ஒன்றைக் கொடுத்து, 'என் சொந்த விருப்பப்படி ஓய்வு பெறுகிறேன்' என்று டைப் அடித்த காகிதத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். பொன்னாடை, போட்டோ, கைதட்டல். தள்ளியது அவர்கள், போனது நீ.

என்னிடம் அந்தக் காகிதத்தை நீட்டியவன் ஒன்பது வருஷம் என்னோடு எதிர்முனையில் இறங்கியவன். மலையாளி. என்னோடு ரயிலில் அலைந்தே தமிழ் படித்தவன். இப்போது தேர்வுக் குழுவில் இருக்கிறான். சீசனின் கடைசி ஆட்டம் எங்கள் ஊர் மைதானத்தில். அதற்கு முதல் நாள் நெட் பயிற்சி முடிந்து நான் கால் பேடுகளைக் கழற்றும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நீயாச் சொன்னா மரியாதை, கேட்டோ. நாங்க சொன்னா நல்லாருக்காது."

யாருக்கு நல்லாருக்காது என்று கேட்டேன். அதை விட்டுவிட்டு, கையெழுத்துப் போட்டால் பயிற்சியாளர் வேலைக்கு என் பெயரைச் சொல்வதாகவும், போடாவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னான். காகிதத்தை அவன் மடியிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னபோது அவளுக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் பயிற்சியாளர் வேலையும் கைவிட்டுப் போனால் என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. சோறு போட்டுக்கொண்டே, இன்னும் ஆட வேண்டும் என்று இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். அப்புறம் எதற்கு, ஆட விருப்பமில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றாள்.

அந்த ஆட்டத்தின் மூன்றாம் நாள், இரண்டாவது இன்னிங்ஸ். மட்டையோடு இறங்கினால், எதிரணிக்காரர்கள் பிட்ச் பக்கத்தில் இரண்டு வரிசையாக நின்று கை தட்டுகிறார்கள். யாரோ அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். கேமராக்காரரும் தயார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தப் பிள்ளைகள் மேல் தப்பில்லை, நல்ல மனசோடுதான் நின்றார்கள். ஆனால் அந்த வரிசைக்கு நடுவே நடந்தால் அதுவே என் கையெழுத்து. வரிசைக்குப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு கிரீஸுக்குப் போனேன். கைதட்டல் பாதியில் நின்றது. குனிந்து, அம்பயரிடம் லெக் ஸ்டம்ப் கார்டு கேட்டேன்.

அவர்களுக்கும் ரோஷம் இருக்குமல்லவா. முதல் பந்தே தொண்டைக்கு வந்தது. பின்னங்காலில் நின்று ஹூக் செய்தேன், பவுண்டரி. பதினைந்து வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு பந்தை அடித்ததில்லை. அன்று நாற்பத்தொன்று எடுத்து எல்பிடபிள்யூ ஆனேன்.

பெவிலியன் படியில் என் பழைய ஜோடி ஆட்டக்காரன் பொன்னாடையோடு நின்றான்.

"என்னைத் தூக்கணும்னா தூக்குங்க. தூக்கிட்டோம்னு உங்க வாயால சொல்லுங்க" என்றேன்.

அவன் பொன்னாடையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டான். பயிற்சியாளர் வேலை வேறொருவருக்குப் போயிற்று.

அடுத்த சீசன் பட்டியல் வந்த காலையில் அண்ணன்தான் முதலில் போன் செய்தார். பேப்பரைப் பார்த்துவிட்டார். இத்தனை வருஷம் ஆடினவனை இப்படியா போடுவது, கடைத்தெருக்காரன் முகத்தில் எப்படி முழிப்பது என்று புலம்பினார். என்ன போட்டிருக்கிறது என்று படிக்கச் சொன்னேன். 'மூத்த தொடக்க ஆட்டக்காரர் அணியிலிருந்து நீக்கப்பட்டார்.' இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். படித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அவமானமா இருக்குடே" என்றார்.

"அவமானம் இல்லண்ணே. நடந்தது அதுதான்."