பள்ளிக்கரணையில் கைநழுவிய இடதுகை வயலின்

நான் பேரம் பேசியே ஒரு வயலினைக் கோட்டைவிட்டேன் என்று எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருக்கிறார்கள். தவறு. விற்பவர் ஒன்பதாயிரத்து ஐந்நூறு என்றார். நானும் ஒன்பதாயிரத்து ஐந்நூறு என்றேன். பழைய வாத்தியம் வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு குளியலறையில் விழுந்ததில் என் இடதுகை விரல்கள் இரண்டு மடங்காமல் போயின. வில்லைப் பிடிக்கலாம், தந்தியை அழுத்த முடியாது. கான்வென்டில் ஒன்பது வயதில் தொடங்கிய வயலின் வாசிப்பை எழுபத்திரண்டில் விட்டுவிட மனமில்லை. கைகளை மாற்றிப் பழகலாம் என்றால், இடதுகைக்காரர்களுக்கென்றே செய்த வயலின் வேண்டும். பதினொரு மாதம் தேடிய பிறகு பள்ளிக்கரணையில் ஒன்று விற்பனைக்கு வந்தது.

போன வெள்ளிக்கிழமை மாலை 4.10க்குச் சேலையூரில் பேருந்து ஏறினேன். பெண்களுக்குக் கட்டணமில்லை. செம்பாக்கம், மேடவாக்கம் வழியாகப் பத்து கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒரு மணி நேரம் ஆனது. மேடவாக்கத்தில் மெட்ரோ வேலைக்காகச் சாலையைக் குறுக்கியிருக்கிறார்கள்.

வயலின், வேலைக்காக வெளிநாடு போய்விட்ட மகனுடையது. அவனுடைய அம்மாதான் பெட்டியைத் திறந்து காட்டினார். டார்ச் அடித்து விரிசல் பார்த்தேன், தந்திகளை முறுக்கும் முடுக்காணிகளைத் திருகிப் பார்த்தேன், கைமாற்றி வாசித்தும் பார்த்தேன். ஐம்பது நிமிடம். நிமிர்ந்தபோது பூஜையறையில் விளக்கு எரிந்தது.

"ஆன்ட்டி, தப்பா நினைக்காதீங்க. வெள்ளிக்கிழமை விளக்கு வச்சாச்சு. இனிமே வாத்தியத்தை வெளியே குடுக்க மாட்டோம். காலைல வந்து எடுத்துக்கறீங்களா?"

அவர் கணவர் தயங்கியபடி, "ஒரு ஆயிரம் ரூபா அட்வான்ஸ் போட்டுடுங்களேன்மா. வேற யாராவது கேட்டா சொல்லிடலாம்" என்றார்.

"நான் வரேன்னு சொன்னா வருவேன். அது போதாதா?" என்றேன்.

சனிக்கிழமை காலை 7.40க்கு ஆட்டோ பிடித்தேன், 280 ரூபாய். செம்பாக்கம் தாண்டியதும் கைபேசியைப் பார்த்தேன். வழக்கம்போல் இரவு ஒன்பதுக்கு அணைத்துவைத்ததைக் காலையில் போட மறந்திருந்தேன். போட்டதும், இரவு 9.30க்கு இரண்டு முறை அந்த அம்மாள் அழைத்ததாகச் செய்தி வந்தது. திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை. மேடவாக்கத்தில் வண்டி நின்றேவிட்டது.

"கொஞ்சம் வேகமா போங்க."

"எங்கம்மா போறது? முன்னாடி பஸ்சு, பின்னாடி லாரி, சைடுல பள்ளம் கீது. பறந்தாத்தான் உண்டு. இன்னா, ஆஸ்பத்திரியா?"

"வயலின்."

ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அதுக்கா இம்மாம் பேஜாரு?" என்றார். ஆனாலும் அடுத்த சந்தில் வண்டியைத் திருப்பினார். அதன்பின் ஐந்து முறை அழைத்தேன். 8.35க்குப் போய்ச் சேர்ந்தேன்.

கதவைத் திறந்த முகத்திலேயே தெரிந்தது.

"குளிச்சிட்டிருந்தேன் ஆன்ட்டி. நேத்து ராத்திரி உங்களைக் கூப்பிட்டேன், ஸ்விட்ச் ஆஃப். சிங்கப்பெருமாள் கோவில்லேர்ந்து ஒருத்தர், பொண்ணுக்குன்னு, முழுப் பணமும் போட்டுட்டாரு. காலைல ஆறரைக்கே வந்து எடுத்துட்டுப் போயிட்டாரு."

"வெள்ளிக்கிழமைன்னீங்களே?"

"பொருள்தான் ஆன்ட்டி வெளியே போகக்கூடாது. பணம் உள்ளே வரலாமே."

"அந்தப் பெண் இடதுகைப் பழக்கமா?" என்று மட்டும் கேட்டேன். "தெரியலையே. அவரு பெட்டியைத் திறந்தாரு, மூடினாரு, அவ்ளோதான்."

வாங்கியவருடைய எண்ணைத் தர அந்த அம்மாள் மறுத்துவிட்டார்; அது சரிதான். இந்தப் பதிவை அவருக்கு அனுப்பிவைக்கச் சம்மதித்திருக்கிறார்.

ஆகவே, வாங்கப் போகிறவர்களே: வெள்ளிக்கிழமை போவதானால் பகலிலேயே போய் முடித்துவிடுங்கள். முன்பணம் கேட்பது அவமதிப்பு என்று நான் நினைத்தேன். இல்லை, அந்த மனிதர் எனக்கு உதவத்தான் பார்த்தார். கைபேசியை அணைக்காதீர்கள். மூன்றும் என் பிழைகள். பேரம் அவற்றில் இல்லை.

சிங்கப்பெருமாள் கோவில் ஐயா, உங்கள் மகள் இடதுகையால் வில் பிடிப்பவள் என்றால் வயலின் அவளுடையது. நான் வேறு தேடிக்கொள்வேன். இல்லையென்றால், தயவுசெய்து தந்திகளை இடம்மாற்றிக் கட்டாதீர்கள். வயலினுக்குள்ளே ஒலியைக் கடத்த நிற்கும் சிறு மரத்தூணும் இடதுகைக்காகவே வைத்தது. மாற்றினால் அந்த வயலின் யாருக்கும் உதவாது. நீங்கள் கொடுத்த தொகையைத் தந்து நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். மகள் எந்தக் கையால் வாசிக்கிறாள், தர முடியுமா முடியாதா என்பதை இந்தப் பதிவின் கீழ் எழுத்தில் தெரிவியுங்கள்.