கட்டம் கட்டமாய் வந்த காளைகள்

மூன்று வருடம் ஆகிறது. தை மாதம், விராலிமலையில் ஒரு நெட் சென்டர். ஜல்லிக்கட்டுக்கு மாடு பதிய அன்று சாயங்காலம்தான் கடைசி. எங்கள் ஊர் மாடு பதினேழு. ஊர்க்காரர் ஒருவர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் பெயரைத் தமிழில் போட்டு, ஒரே ஜிப் பைலாக அனுப்பிவிட்டு சபரிமலைக்குப் போய்விட்டார். போன் எடுக்கவில்லை. நான் லோடு வண்டி ஓட்டுகிறவன். பதிகிற வேலை என் தலையில் விழுந்தது.

கடை அக்கா ஜிப்பைப் பிரித்தார். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் கட்டமும் கேள்விக்குறியும்.

"என்னண்ணே, இந்தப் பழைய கம்ப்யூட்டரு ஜிப்புக்குள்ள இருக்க தமிழயெல்லாம் தின்னுருது. எது யாரு மாடுன்னு எப்புடிப் பதியிறது?"

நான் ஐந்தாவதோடு நின்றவன். படித்தவர் தவித்தால் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

"படத்த மட்டும் காட்டுங்க."

எல்லா மாடும் என் வண்டியில் ஏறியவை. இது கண்ணாடியை உடைத்தது. இது ஏறாமல் படுத்துக்கொள்வது. இது என் தொடையில் குத்தியது. பதினைந்துக்கு ஆள் சொன்னேன். அக்கா வாயைப் பிளந்துகொண்டே தட்டினார்.

மிச்சம் இரண்டு கறுப்பு. ஒன்று என்னுடையது, இன்னொன்று மச்சானுடையது. ஒரே பசுவின் கன்றுகள். படத்தில் ஒன்று திமிலை நிமிர்த்தி நின்றது. மற்றது தூங்கி வழிந்தது.

"இதுல எதுண்ணே ஒங்களது? தெரியலன்னா போன் போட்டுக் கேளுங்க."

மச்சானிடம் போய் என் மாடு எது என்று கேட்பதா? நிமிர்ந்ததைக் காட்டினேன்.

ஜல்லிக்கட்டு அன்று வாடிவாசலில், சொந்தக்காரர் பெயரோடு டோக்கனில் இருந்த படத்தையும் மாட்டின் கொம்பையும் ஒத்துப் பார்த்தவர் என்னை நிறுத்தினார்.

"படத்துல உள்ள மாடு ஒனக்குப் பின்னாடி நிக்குதுய்யா."

திரும்பினேன். மச்சான் நின்றார். டோக்கனை மாற்றிக்கொண்டால்தான் விடுவோம் என்றார்கள். மாற்றிக்கொண்டோம்; என் மாடு மச்சான் பெயரில், மச்சான் மாடு என் பெயரில்.

அன்றைக்குப் பார்த்து என் மாடு யார் கைக்கும் சிக்காமல் பறந்தது. மைக்கில் மச்சான் பெயரைச் சொன்னார்கள். கண்ணாடி வைத்த பீரோ பரிசு. அடுத்து என் பெயரில் வந்த மாடு முதல் ஆளிடமே பிடிபட்டது. அதையும் மைக்கில் சொன்னார்கள்.

"பீரோவ எங்க வீட்டுல எறக்கிறலாமா மச்சான்?"

"டோக்கன்ல யாரு பேரு மாப்ள? கட்டம் கிட்டம் இல்லாமத் தெளிவாத்தானே இருக்கு?"

பீரோ இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறது. ஊர் மாட்டையெல்லாம் அதன் சேட்டையால் தெரிந்து வைத்திருந்த நான், என் மாட்டை மட்டும் என் பெருமையை வைத்துத்தான் பார்த்திருக்கிறேன் என்று, அந்தக் கண்ணாடியைத் தாண்டும்போதெல்லாம் உறைக்கிறது.