சேவியர் அண்ணாவுக்கு மட்டும் தெரிந்த இடம்

"பரவாயில்லை அண்ணா" என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை.

இன்று காலை சேவியர் அண்ணா போய்விட்டார். தூக்கத்திலேயே... விவேக் நகர் வீட்டிலிருந்து அவர் மகள் மெசேஜ் அனுப்பியிருந்தாள்.

பழைய ஆபீஸ் குரூப் முழுக்க மெழுகுவத்தி எமோஜி. என்னால் அதைப் போட முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் நர்ஸாக இருந்த மொபைல் கிளினிக் வேனின் டிரைவர் அவர். கோடையில் வடக்கிலிருந்து மந்தையோடு நடந்தே ஆனேக்கல் பக்கம் வரும் ஆட்டுக்காரக் குடும்பங்களுக்காக ஓடிய வேன்.

இன்று ஒருவர் வயலில் ஆடுகளை அடைத்துக் கிடை போடுவார்கள், இரண்டு நாளில் வேறெங்கோ போய்விடுவார்கள். ஆஸ்பத்திரிதான் அவர்கள் பின்னால் போக வேண்டும்.

எங்கே போவது? மந்தையில் மூத்தவளான லக்கவ்வா அண்ணாவுக்கு மிஸ்டு கால் கொடுப்பாள். இவர் திருப்பிக் கூப்பிட்டுக் கன்னடத்தில் அடையாளம் கேட்டுக்கொள்வார். ஒரு புளியமரம், இடிந்த பம்ப்செட் ரூம்... அது போதும் அவருக்கு.

"கூகுள் மேப்புல எல்லாம் இது வராதும்மா. சேவியர் மேப்புல மட்டும்தான் வரும்."

யாரைப் பார்த்தாலும் இதைச் சொல்வார். அதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

வேனில் நான் படித்துக்கொண்டு வந்தால் பிடிக்காது. "ஏ புக்கு, தலையைத் தூக்கு. ரோட்டுல புழுக்கை கிடக்குது பாரு. மந்தை இங்கதான் எங்கியோ இருக்குது." கடைசிவரை என்னை 'புக்கு' என்றுதான் கூப்பிட்டார்.

புல் தீர்ந்துபோகிற வாரங்களில் மந்தை காட்டுக்குள் ஒதுங்கும். அங்கே மேய்க்கத் தடை. முதல்முறை எங்களை அங்கே கூப்பிட்டபோது லக்கவ்வா தன் கறுப்புக் கம்பளியைத் தரையில் விரித்து, எங்கள் இருவரையும் அதன்மேல் கை வைக்கச் சொன்னாள். அவர்களுக்கு அந்தக் கம்பளி சாமி மாதிரி.

இடத்தை யாருக்கும் சொல்வதில்லை என்று சத்தியம்.

அண்ணா செருப்பைக் கழற்றினார். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, பிறகு கம்பளியில் கை வைத்தார். "ரெண்டு சாமிகிட்டயும் சொல்லியாச்சு. போதுமா?" லக்கவ்வா வாய்விட்டுச் சிரித்தாள்.

அவள் மருமகள் மல்லவ்வாவுக்கு டிபி. ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். நடுவில் விட்டால் நோய் திரும்பும், அதே மாத்திரை அடுத்தமுறை கேட்காமலும் போகலாம். மந்தை எங்கே போனாலும் மாத்திரை பின்னாலேயே வரும் என்று நான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

மாத்திரை குமட்டுகிறது என்பாள். அண்ணா ஒவ்வொருமுறையும் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸில் அவித்த முட்டை கொண்டுவந்து, அவள் சாப்பிடும்வரை பக்கத்திலேயே நிற்பார். கன்னடத்தில் முட்டைக்கு மொட்டெ. அவள் அவரை 'மொட்டெ அண்ணா' என்றே கூப்பிட்டாள்.

அடுத்து நடந்ததை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுத முடியாது...

ஒருநாள் விடிவதற்குள் காட்டு ஓரத்துக்கு வனத்துறை ஜீப் வந்துவிட்டது. மந்தையை விரட்டினார்கள். இரண்டு ஆண்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒருவன் மல்லவ்வாவின் கணவன்.

லக்கவ்வா எனக்கு போன் செய்தாள். மிஸ்டு கால் இல்லை, முழு கால்.

"கம்பளி முட்டிதெயல்லா..."

கம்பளியைத் தொட்டாயே என்றாள். அவ்வளவுதான். போனை வைத்துவிட்டாள். அதன்பிறகு அந்த நம்பர் கிடைக்கவே இல்லை.

நம் வேனிலிருந்துதான் விஷயம் போயிருக்கும் என்று ஆபீஸில் பேச்சு வந்தது. நான் எழுந்து சண்டை போட்டேன். "அண்ணாவைப் போய் சொல்றீங்களா? அவர் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது."

அண்ணா கதவோரமாக நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சில வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை. சர்ச்சில் நவநாள் கூட்டம். மெழுகுவத்திக் கடைக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினார்.

"நான்தான் சொன்னேன்மா."

அந்த வனத்துறை ஜீப்பின் டிரைவர் அவருக்குப் பழைய சினேகிதன். டீக்கடையில் சீண்டியிருக்கிறான். "மந்தையே இந்தப் பக்கம் இல்ல. உன் வண்டி சும்மா டீசல் குடிச்சிட்டு ஊர் சுத்துது." அண்ணாவால் தாங்க முடியவில்லை.

"இல்லையா? மூங்கில் தோப்பைத் தாண்டிப் போய்ப் பாருடான்னுட்டேன். அவன் போய் மேல சொல்லுவான்னு சத்தியமா நினைக்கல. சும்மா ஒரு ஜம்பத்துக்கு..."

"ஆபீஸ்ல நான் பேசினப்ப ஏன் அண்ணா சும்மா நின்னீங்க?"

"நீ அப்படிப் பேசினப்புறம் எப்படிம்மா வாயைத் திறப்பேன்?"

"மல்லவ்வாவுக்கு இன்னும் எத்தனை மாசம் பாக்கி, தெரியுமா?"

"தெரியும். மூணு."

அவருக்குத் தெரிந்திருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"பரவால்லன்னு ஒரு வார்த்தை சொல்லேன், புக்கு."

சுற்றிலும் ஜனம். யாரோ நடுவில் புகுந்து மெழுகுவத்தி கேட்டார்கள். நான் பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிட்டேன்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஸ்கூட்டரில் ஆனேக்கல் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தார் என்று கேள்விப்பட்டேன். டிபன் பாக்ஸும் கையில் இருந்ததாம். மந்தை கிடைக்கவில்லை.

இன்று மாலை அடக்கம். போவேன். கடைசி வரிசையில் நிற்பேன்.

போய் வாருங்கள் அண்ணா. அந்த வார்த்தை இப்போதும் எனக்கு வரவில்லை.

அந்த ஜீப் வந்ததற்கு அடுத்த கோடையில் மந்தை மறுபடி ஆனேக்கலுக்கு வந்தது. எங்களுக்கு மிஸ்டு கால் வரவில்லை. கிடை போட்ட வயல்காரர் பிறகு சொல்லித்தான் தெரியும். மல்லவ்வா என்று ஒருத்தி கூட இருந்தாளா என்று கேட்டேன். பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள், பேரெல்லாம் தெரியாது என்றார்.