நெருப்பில்லாமல் ஊதிய சங்கு

சித்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு வாயாடி என்று பெயர். ஆபரேட்டர் பேசவே கூடாது என்பது சட்டம். நம்பரைக் கேட்க வேண்டும், ஒயரைச் செருக வேண்டும், நேரம் முடிந்தால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அப்போது எங்கள் பக்கம் அவசர நம்பர் என்று தனியாக ஏது? தீப்பிடித்தாலும் பாம்பு கடித்தாலும் ஜனங்கள் கத்துவது ஆபரேட்டர் காதில்தான். ஆஸ்பத்திரி வேன் எங்கே, டாக்டர் எங்கே என்பதெல்லாம் எங்களுக்கு அத்துப்படி. அவர்கள் பேசும் போனைப் போட்டுக்கொடுப்பதே நாங்கள்தானே!

ஆந்திராவுக்கும் மெட்ராஸுக்கும் எல்லை பிரித்து முடித்த புதிது. ஒரு பகல் பாலசமுத்திரத்துப் பக்கத்துக் கிராமத்திலிருந்து போஸ்ட் மாஸ்டர் கூப்பிட்டார்.

“அம்மா, கூலி வேலை செய்யற பொண்ணு. தலைச்சன் பிரசவம். புள்ளைக்குக் கால் முன்னாடி வந்துடுச்சு. மருத்துவச்சி கைய விரிச்சிட்டா. வேன் அனுப்பச் சொல்லும்மா!”

எங்கள் வேன் திருப்பதிக்குப் போயிருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. போட்டேன். அங்கே போனை எடுத்த குமாஸ்தா, “இப்போ அது ஆந்திரா கேஸும்மா. எங்க வேன் எல்லை தாண்டக் கூடாது” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இத்தினி நாளா ஒரே ஜில்லாதானே? அதுக்குள்ள வயித்துல கீற புள்ளைக்கும் கோடு போட்டுட்டீங்களா? எல்லைக் கல்லு வரைக்கும் வரலாமில்ல? வாங்க. நாங்க மாட்டு வண்டில கொண்டாந்து விடறோம்.”

மனிதர் ஒத்துக்கொண்டார். நர்ஸையும் ஏற்றி அனுப்பினார். போஸ்ட் மாஸ்டரிடம் வண்டி பூட்டச் சொன்னேன். ஜெயித்துவிட்டோம் என்று ஒரு காப்பிகூடக் குடித்தேன்.

அப்புறம் வேன் டிரைவர் கூப்பிட்டார், எல்லையோரத்து அரிசி மில்லிலிருந்து. “கல்லாண்ட ஈ காக்கா இல்லம்மா. நான் திரும்பறேன்.”

இன்னொரு லைனில் போஸ்ட் மாஸ்டர், “வண்டி எப்பவோ போயி கல்லாண்ட நின்னுக்கினு கீதும்மா!” என்றார்.

“எந்தக் கல்லு?”

“ஏரிக்கரைக் கல்லுதான்!”

டிரைவரிடம் சொன்னேன். “அது தள்ளுபடியான கல்லாச்சே! அது தப்புன்னு சொல்லி மில்லாண்ட புதுசு நட்டாங்களே” என்றார். பழையதைப் பிடுங்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அடக் கடவுளே! ஏரிக்கரையில் வேன் போக வழியில்லை. அங்கிருந்து மில் வரைக்கும் மழைச் சேற்றில் மாடும் இழுக்காது. வண்டியைத் தள்ள ஆள் வேண்டும், அதுவும் உடனே.

அந்த மில்லில் ஒரு சங்கு உண்டு. வேளை கெட்ட வேளையில் அது ஊதினால் தீ என்று அர்த்தம். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் குடத்தோடு ஓடி வருவார்கள், அதுவும் ஏரிக்கரை வழியாக. மில் கணக்குப்பிள்ளையைக் கூப்பிடச் சொன்னேன்.

“நெருப்பே இல்லாம ஊதினா மொதலாளி என் தோலை உரிச்சுடுவாரும்மா!”

“ஊதுய்யா! பழி என் தலையில!”

போஸ்ட் மாஸ்டரைத் தெருவில் நிற்கச் சொன்னேன். ஓடுகிறவர்களிடமெல்லாம் வண்டியை மில்லுக்குத் தள்ளிப் போகச் சொல்லிக் கத்த வேண்டும்.

சங்கு போன் வழியாகவே என் காதைப் பிளந்தது. எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. அதற்குள் சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றார். “ஏமம்மா, எல்லைக் கல்லு நடற ஆபீஸர் எவ்ளோ நேரமா லைன் கேட்கிறாரு. சாலு, போதும், கட் பண்ணு!”

“மாட்டேன் சார்.”

காதில் குடங்கள் மோதும் சத்தம், காலடிகள், “தள்ளு, தள்ளு” என்ற கூச்சல். பிறகு நர்ஸின் குரல்: “வேன்ல ஏத்த நேரமில்ல. ஆம்பளைங்க எல்லாம் வெளிய போங்க!” மில் ஆபீஸிலேயே படுக்க வைத்துவிட்டார்கள். போனை யாரும் வைக்கவில்லை. கூச்சல் அடங்கியது. அந்தப் பெண்ணின் முனகல் மட்டும் கேட்டது. அதுவும் நின்றது.

சூப்பர்வைசர் ஒயரைப் பிடுங்கக் கை நீட்டினார். அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன். பிடித்தபடி இருக்கும்போதுதான் கேட்டது, சின்னதாக, கோபமாக, ஓர் அழுகை. பின்னாலேயே நர்ஸ் அந்தப் பெண்ணிடம், “கண்ணைத் திறந்து பாருடி, பொண்ணு பொறந்திருக்கு!” என்பதும், அவள் “எங்க, காட்டு” என்பதும்.

ஹெட்போனைக் கழற்றி அவர் காதில் வைத்தேன். போர்டில் ஆபீஸரின் விளக்கு மறுபடி எரிந்தது. நான் கை வைக்குமுன் சூப்பர்வைசரே ஒயரைச் செருகினார்.

“லைன் இப்போ கிடையாது சார்,” என்றார். “எல்லையில முக்கியமான வேலை நடந்துக்கினு இருக்கு.”