அண்ணனுக்குக் கசக்காத காகிதம்

எங்கள் அண்ணனுக்கு மூக்கு சுத்தமாக இருந்த நாள் என்று ஒன்று எனக்கு நினைவே இல்லை. வெறுமனே ஒழுகினாலும் பரவாயில்லை. பச்சையாகக் கட்டிக்கொண்டு நெற்றியைப் பிளக்கும். ஒரு வாரம் மாத்திரை போட்டால் அடங்கும், மாத்திரை தீர்ந்த மூன்றாம் நாள் திரும்ப வந்துவிடும். இரண்டு முறை ஆபரேஷனும் ஆயிற்று. படாளத்தில் வேன் ஓட்டுகிறவன் அவன், ஞாயிறு வந்தால் மாமல்லபுரத்துக்குச் சவாரி. ஒருமுறை யாரோ பின் சீட்டுக்கு அடியில் கருவாட்டுப் பையை மறந்துவிட்டுப் போனார்கள். மறுநாள் ஏறினவர்கள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கத்த, இவன் திரும்பிப் பார்த்து, "இன்னாத்துக்கு இப்புடி கூவுறீங்க?" என்றானாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவனுக்கு வாசனையே தெரியவில்லை என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

ஆடி மாதம் கூழுக்குத் தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை வதக்குவோம். அந்தச் சமயத்துக் கீரை எப்படியும் கசக்கும். அம்மா கரண்டியைப் போட்டுக் கிளறிக் கிளறி இன்னும் கசக்க வைப்பாள். நான் என் பங்கை அண்ணன் தட்டில் தள்ளிவிடுவேன். அவன் பாட்டுக்குத் தின்பான். "எம் புள்ள எதக் குடுத்தாலும் துன்னும், உன்ன மாரி மூஞ்சச் சுளிக்காது" என்று அம்மாவுக்கு ஒரே பெருமை. கசப்பைத் தாங்குகிற உடம்பு கெட்டியான உடம்பு என்றுதான் எங்கள் தெருவே நம்பியது. நானும் நம்பினேன், மடச்சி.

எனக்குப் பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் லேப் உதவியாளர் வேலை. கண்ணாடிக் குழாய் கழுவுவது, மேடத்திடம் திட்டு வாங்குவது, இதுதான் என் நாள். வருடத்தில் ஒரு வகுப்பில், மருந்து தோய்த்த காகிதத் துண்டைப் பிள்ளைகள் நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். பெரும்பாலும் "ச்சீ" என்று துப்பிவிட்டுத் தண்ணீருக்கு ஓடுவார்கள். சிலருக்கு மட்டும் ஒன்றுமே தெரியாது. வருடா வருடம் பார்க்கிற கூத்துதானே என்று நான் காது கொடுத்ததில்லை. இந்த வருடம் அந்த வகுப்பில் மேடம் 'மூக்கு' என்று சொன்னதும் குழாய் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

நாக்கில் கசப்பை அறிகிற அதே உணர்வி மூக்கின் உள்தோலிலும் இருக்கிறதாம். கிருமிகள் கூட்டம் சேரும்போது ஒன்றுக்கொன்று ரசாயனத்தால் சேதி சொல்லிக்கொள்ளுமாம். அந்தச் சேதி மூக்குக்குக் கசக்குமாம். கசந்த உடனே மூக்கு ஒரு வாயுவை விட்டு அவற்றைக் கொல்லும், உள்ளே இருக்கிற நுண்ணிய மயிர்கள் வேகமாக அசைந்து சளியை வெளியே தள்ளும். சிலருக்கு அந்த உணர்வி பிறவியிலேயே சரியாக வேலை செய்யாது. அவர்களுக்குக் காகிதமும் கசக்காது, கிருமியும் கசக்காது.

அந்த மருந்துக் காகிதத்தில் ஒரு துண்டை மடித்து வீட்டுக்கு எடுத்து வந்தேன். திருட்டுத்தான், இருக்கட்டும். அண்ணன் நாக்கில் வைத்துச் சப்பினான், புரட்டிப் போட்டுச் சப்பினான்.

"இன்னாடி இது? வெறும் பேப்பராட்டம் கீது."

அண்ணி அதில் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுவிட்டு, வாசலுக்கு ஓடித் துப்பினாள். எனக்கு அழுகையும் வந்தது, பைத்தியக்காரத்தனமாக ஒரு சந்தோஷமும் வந்தது. இத்தனை வருஷம் டாக்டர்கள் கண்டுபிடிக்காததை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைப்பு. இனி வைத்தியம் தெரிந்துவிடும் அல்லவா!

மறுநாள் மேடத்திடம் சொன்னேன். "இது மட்டுமே காரணம்னு சொல்ல முடியாதும்மா. கசக்காத எத்தனையோ பேர் நல்லாத்தான் இருக்காங்க" என்றார். நான் விடவில்லை. அண்ணனை இழுத்துக்கொண்டு செங்கல்பட்டில் அவனைப் பார்க்கிற டாக்டரிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"இருக்கலாம்மா. ஆனா அத சரி பண்ண எங்ககிட்ட மருந்து இல்ல. உப்புத் தண்ணியில தினமும் கழுவச் சொல்லுங்க."

உப்புத் தண்ணீர்! அதைத்தான் முதல் ஆபரேஷனிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். விடியற்காலை வண்டியை எடுக்கிறவன் தினமும் எங்கே நின்று கழுவுவான்?

அடுத்த மாதம் வலது கண் வீங்கியது. "மெட்ராஸ் ஐ" என்று சொல்லிக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாமல்லபுரம் சவாரிக்குப் போனான். மூன்றாம் நாள் சுரம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, சீழ் மூக்கிலிருந்து கண்ணுக்குப் பின்னால் போய்விட்டது என்றார்கள். உயிர் தப்பியது. அந்தக் கண்ணில் பார்வை வரவில்லை, இனி வராது. ஒற்றைக் கண்ணோடு வேன் ஓட்ட யார் விடுவார்கள்?

வார்டுக்கு வெளியே அண்ணி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மகள், ஏழு வயது. வாயைத் திறந்தபடி மூச்சு விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இவளுக்கும் அது இருக்குமா? அந்தப் பேப்பரு இன்னொண்ணு எடுத்தாறியா?"

"வேணாம் அண்ணி. தெரிஞ்சி இன்னா பண்ணப் போறோம்? மருந்தே இல்லன்றாங்க."

அவள் மகளின் தலையை மடியில் ஏற்றி வைத்துக்கொண்டாள். குரலில் கோபம்கூட இல்லை.

"அப்போ அவருக்கு மட்டும் எதுக்கு வச்சிப் பாத்த? வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி எப்படியாச்சும் மூக்கக் கழுவிக்கினு இருந்தவரு, அன்னியிலேர்ந்து அதயே வுட்டுட்டாரு. பொறப்புலயே கெட்டுப்போனத கழுவி இன்னா ஆவப்போவுதுன்னு."