நான் கேட்காத லீவு

பினாங்கில் பிறந்த எனக்கு விசாவின் அருமை தெரியாது. என் மனைவி தஞ்சாவூர்க்காரி. இங்கே தங்கும் அனுமதியை அவள் புதுப்பிக்க வேண்டுமென்றால், குடிநுழைவு அலுவலகத்துக்கு நானும் கூடவே போக வேண்டும். கணவன் வராமல் மனுவைத் தொடக்கூட மாட்டார்கள்.

மூன்று வருடத்துக்கு முன், அனுமதி முடியப்போகும் சமயத்தில் அவள் அம்மா ஊரில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். புதுப்பிக்காமல் ஊருக்குப் போனால் திரும்பி வருவது சிக்கல். அதே வாரம்தான் என் அக்கா எதிரில் அவள் என்னை எதிர்த்துப் பேசியிருந்தாள்.

"ஏங்க, நாளைக்குப் போவோமா?" என்று தினமும் கேட்டாள்.

"பேக்டரில லீவு கெடைக்கல லா," என்றேன்.

நான் லீவே கேட்கவில்லை. அவள் கெஞ்சுவது எனக்குப் பிடித்திருந்தது.

பத்தாவது நாள் போனோம். நம்பர் சீட்டோடு உட்கார்ந்திருந்தபோது அவள் அண்ணன் போன் செய்தார். அம்மா போய்விட்டார். அவள் வாய்விட்டு அழுவதற்குள் எங்கள் நம்பரைக் கூப்பிட்டார்கள். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். கணவர் வந்திருக்கிறாரா என்று அதிகாரி மலாயில் கேட்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமலேயே கையை மட்டும் நீட்டிக் காட்டினாள்.

அந்தக் கை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

இந்த வருடம் அனுமதி முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, "நாளைக்கே போயிடுவோம் லா," என்றேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"அவசரமில்லைங்க. ஊர்ல இனி எனக்காக யாரு காத்திருக்கா?"